ரோஸ்லேண்ட் நடன அரங்கும் ஃப்ளெட்சர் ஹென்டர்சனும்

ஜாஸ் காலத்து நியூயார்க் – 7

பால் வொய்ட்மன் 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் ஹாலில் நடத்திய கச்சேரியைச் சென்ற இதழில் பார்த்தோம். ஜாஸ் இசைக்குக் கனவான்களின் சபையில் இடம் வாங்கித் தந்தவர் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடிய அதே குளிர்காலத்தில், அந்த அரங்கிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், மேற்கு 44ஆம் தெருவின் கிளப் அலபாம் என்ற கேளிக்கை விடுதியில் கறுப்பினக் கலைஞர்களின் குழு ஒன்று இரவுதோறும் வாசித்துக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஃப்ளெட்சர் ஹென்டர்சனுக்கு அப்போது வயது 26. 'கறுப்பின வொய்ட்மன்' என்பதுதான் தொடக்க காலத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆனபின், 1961இல், கொலம்பியா நிறுவனம் அவருடைய இசைத்தட்டுகளை நான்கு எல்.பி.க்களாகத் தொகுத்து வெளியிட்டது. விரக்தியைப் பற்றிய ஓர் ஆய்வு என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார்கள். தலைப்பு ஒட்டிக்கொண்டது. அபாரமான கலைஞர்களைச் சேர்த்தார், அவர்களைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை, கைக்கு வந்த வாய்ப்புகளை நழுவ விட்டார், கடைசியில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார் என்பதே இன்றும் பெரும்பாலான நூல்களில் நாம் படிக்கும் ஹென்டர்சன். இந்தச் சித்திரத்தை ஆதாரங்களோடு உரசிப் பார்க்க வேண்டும். அவருடைய குழு நொடித்ததற்கு அவருடைய சுபாவத்தைக் காரணமாகச் சொன்னால், அது காலவரிசைக்கே பொருந்தாமல் போகிறது. அவர் ஆக்கித் தந்த பொருளுக்கு அன்றைய இசை வியாபாரத்தில் சொந்தம் கொண்டாட வழியில்லை. அந்தப் பொருள் நல்ல விலைக்குப் போன கடைத்தெருவில் அவருடைய நிறத்தாருக்குக் கடை போட அனுமதியும் இல்லை. இதுவே என் கட்சி.

அவருடைய இளமையைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். 1897 டிசம்பர் 18 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கத்பர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர், தாய் பியானோ ஆசிரியை. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வேதியியலும் கணிதமும் படித்துப் பட்டம் பெற்று, மேற்படிப்பு எண்ணத்தோடு 1920இல் நியூயார்க் வந்தார். வேதியியல் படித்த கறுப்பின இளைஞனுக்கு அந்த நகரில் வேலை இருக்கவில்லை. டபிள்யூ. சி. ஹேண்டியும் ஹாரி பேஸும் சேர்ந்து நடத்திய பாட்டுப் பதிப்பகத்தில், புதுப் பாடல்களைப் பியானோவில் வாசித்துக் காட்டி விற்கும் வேலை கிடைத்தது. 1921இல் பேஸ் தனியாகப் பிரிந்து பிளாக் ஸ்வான் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது ஹென்டர்சனையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒலிப்பதிவுகளைக் கவனித்துக்கொள்வது, பாடகிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது, எத்தல் வாட்டர்ஸின் சுற்றுப்பயணக் குழுவை நடத்துவது என எல்லாம் அவர் தலையில் விழுந்தன. அதுவரை அவருக்கு ப்ளூஸ் பழக்கமே கிடையாது, ஜேம்ஸ் பி. ஜான்சன் வாசித்த பியானோச் சுருள்களைக் கேட்டுப் பழகும்படி வாட்டர்ஸ் அவரை வற்புறுத்த வேண்டியிருந்தது. கறுப்பினத்தார் நடத்திய அந்த நிறுவனம் 1923 முடிவதற்குள் திவாலாகி, அடுத்த ஆண்டு பாரமவுண்ட் கைக்குப் போனது. நல்ல இசை, கேட்க ஆள், உழைக்கும் கை எல்லாம் இருந்தும் ஒரு நிறுவனம் மூழ்கலாம் என்பதை அவர் தம் 26 வயதிலேயே பார்த்துவிட்டார்.

1924 கோடையில் குழு ரோஸ்லேண்டுக்கு மாறியது. ஹென்டர்சனின் இசையைப் புரிந்துகொள்ள அந்த இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பிராட்வேயில் 51ஆம் தெருவை ஒட்டி இருந்த மாபெரும் நடன அரங்கு அது. ஆட வருபவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள்; கறுப்பினத்தாருக்கு மேடையில் மட்டுமே இடம். இரண்டு குழுக்கள் மாறி மாறி வாசிக்கும். தளம் ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. பாட்டைக் கேட்க அங்கே யாரும் வரவில்லை, எல்லாரும் ஆட வந்தவர்கள். ஃபாக்ஸ்டிராட், வால்ட்ஸ், டேங்கோ என்று கேட்டதைக் கேட்ட வேகத்தில் கொடுக்க வேண்டும். இந்த வாரம் அச்சில் வந்த பாட்டு அடுத்த வாரமே மேடையில் ஒலிக்க வேண்டும். ஹென்டர்சன் குழுவின் வால்ட்ஸ் வாசிப்புக்கே தனிப் பெயர் இருந்ததாக அதில் கார்னெட் வாசித்த ரெக்ஸ் ஸ்டூவர்ட் எழுதியிருக்கிறார். ஆனால் இன்று அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்பவருக்கு அந்த வால்ட்ஸ்கள் கிடைப்பதில்லை. கறுப்பினக் குழுவிடமிருந்து சூடான ஜாஸ் மட்டும் வேண்டும், மென்மையான நடன இசைக்கு வெள்ளையர் குழுக்கள் இருக்கின்றன என்று இசைத்தட்டு நிறுவனங்கள் முடிவுகட்டியிருந்தன. ஆகவே தட்டுகளை மட்டும் வைத்து அந்தக் குழுவை மதிப்பிடுகிறவர், முழு இரவின் வேலையில் ஒரு பகுதியையே மதிப்பிடுகிறார். எந்தப் பகுதி நிலைக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தவர்கள் விற்பனையாளர்கள். ஹென்டர்சனின் கைத்திறன் முழுமையாகத் தெரிந்தது ரோஸ்லேண்டின் தளத்தில் ஆடியவர்களுக்குத்தான்.

புதுப் பாட்டு அச்சில் வரும்போது அதனுடன் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான ஒரு அரேஞ்ச்மென்டையும், அதாவது எந்த வாத்தியம் எங்கே எதை வாசிப்பது என்ற ஏற்பாட்டையும், பதிப்பகங்கள் விற்கும். யார் வாங்கினாலும் யார் வாசித்தாலும் ஒரே மாதிரி இருக்கும் நோட்ஸ் அது. ஹென்டர்சனின் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்த டான் ரெட்மன், மேற்கு வர்ஜீனியாவின் பீட்மான்ட்டில் பிறந்து முறையாக இசை படித்தவர். இந்தப் பொது நோட்ஸை அவர் எடுத்துக் கத்தரிப்பார், இடம் மாற்றுவார், நடுவில் தன் சரக்கைச் சேர்ப்பார். அப்படி வெட்டி ஒட்டியதிலிருந்துதான் பின்னாளில் ஸ்விங் என்று உலகம் அறிந்த ஆர்க்கெஸ்ட்ராவின் இலக்கணம் பிறந்தது. டிரம்பெட்டும் டிரம்போனும் ஒரு கட்சி. சாக்ஸஃபோனும் கிளாரினெட்டும் எதிர்க்கட்சி. ஒன்று ஒரு சிறு வாக்கியத்தை வீச, மற்றது பதில் சொல்லும். தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் மடக்கி மடக்கிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இந்த விசை எளிதில் விளங்கும். இரண்டு கட்சிகளுக்கும் நடுவே ஒருவர் எழுந்து கற்பனையாக வாசிக்க இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்பதை நியூயார்க்குக்குக் கற்றுக்கொடுத்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். ஹென்டர்சன் அவரைச் சிகாகோவிலிருந்து அழைத்து வந்தது 1924 இலையுதிர் காலத்தில். பதினோரு பேர் கொண்ட அந்தக் குழு அக்டோபரில் பதிவு செய்த 'கோபன்ஹேகன்', அடுத்த மே மாதம் பதிவு செய்த 'சுகர் ஃபுட் ஸ்டாம்ப்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஏழே மாதத்தில் என்ன நடந்தது என்பது காதுக்குத் தெரியும். முன்னதில் குழு ஒரு தாளத்திலும் ஆம்ஸ்ட்ராங் வேறொரு தாளத்திலும் நிற்பதைப் போலிருக்கும். பின்னதில் குழு அவர் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அவரைக் கேட்ட கோல்மன் ஹாக்கின்ஸ், அதுவரை தடதடத்துக்கொண்டிருந்த டெனர் சாக்ஸஃபோனைப் பேச வைத்தார்.

இங்கே முதல் மறுப்பு வரும். எழுதியவர் ரெட்மன், வாசித்துக் காட்டியவர் ஆம்ஸ்ட்ராங், பின்பற்றியவர் ஹாக்கின்ஸ் என்றால் தலைவர் என்ன செய்தார்? நியாயமான கேள்விதான். ஆம்ஸ்ட்ராங்கே தம்மை ஹென்டர்சன் சரியாகப் பயன்படுத்தவில்லை, பாட விடவில்லை என்று பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார்; 1925 நவம்பரில் குழுவை விட்டுச் சிகாகோவுக்கே திரும்பிவிட்டார். ரெட்மனும் 1927இல் டெட்ராய்ட் போய் மெக்கின்னிஸ் காட்டன் பிக்கர்ஸ் குழுவின் பொறுப்பை ஏற்றார். இலக்கணம் இவர்கள் இருவருடைய தனிச்சொத்தாக மட்டும் இருந்திருந்தால் 1927க்குப் பிறகு ஹென்டர்சன் குழு சாதாரண நடனக் குழுவாகச் சுருங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஜெல்லி ரோல் மார்ட்டன் இயற்றிய 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' அதற்குச் சாட்சி. அந்தப் பாட்டை ஹென்டர்சன் குழு 1928இலும் 1932இலும் 1933இலும் பதிவு செய்தது. ஆண்டுக்கணக்கில் மேடையில் வாசித்து வாசித்துத் தேய்த்து மெருகேற்றியதன் படிகளை இந்த மூன்று பதிவுகளிலும் கேட்கலாம். மார்ட்டனின் பியானோவில் அடர்த்தியாக ஓடிய இசை படிப்படியாக இளைத்து, இரண்டொரு சுரங்கள் மட்டும் கொண்ட கூர்மையான வீச்சுகளாகிறது. இறுதிச் சுற்றில் இரண்டு கட்சிகளும் அந்த வீச்சுகளை எறிந்து பிடித்து விளையாடுகின்றன. இதில் பெரும்பகுதியை முதலில் யாரும் தாளில் எழுதவில்லை. ஒருவர் மேடையில் ஒரு துணுக்கை வாசிக்க, பக்கத்திலிருப்பவர் சேர்ந்துகொள்ள, ஆடுபவர்கள் கால்கள் ஒப்புக்கொண்டால் நாளையும் அது இருக்கும், இல்லையென்றால் உதிரும். ரெட்மனுக்குப் பின் பென்னி கார்ட்டர் எழுதினார். தம்பி ஹோரஸ் எழுதினார். 1930களின் தொடக்கத்தில்தான் ஹென்டர்சனே முழுமூச்சாக எழுதத் தொடங்கினார். யாரைச் சேர்ப்பது, யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது, மேடையில் தானாக விளைந்ததில் எதைத் தாளில் நிலைநிறுத்துவது என்ற தேர்வுகள் பதினைந்து ஆண்டுகளாக அவருடையவை. ஆம்ஸ்ட்ராங், ஹாக்கின்ஸ், ரெக்ஸ் ஸ்டூவர்ட், ஜிம்மி ஹாரிசன், பென்னி கார்ட்டர், ராய் எல்ட்ரிஜ், சூ பெர்ரி, பென் வெப்ஸ்டர், கொஞ்ச காலத்துக்கு லெஸ்டர் யங் என்று நீளும் பட்டியல் தற்செயலாக ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்திருக்க முடியாது.

இனி ஒரு விபத்துக்கு வருவோம். 1928 கோடையில் கென்டக்கியில் ஹென்டர்சன் ஓட்டிய கார் கவிழ்ந்து அவருக்குக் காயம் பட்டது. அதன்பிறகு அவர் மாறிப்போனார், வியாபாரத்தில் அக்கறை விட்டுப்போயிற்று என்று மனைவி லியோரா சொன்னதாகப் பதிவு இருக்கிறது. விரக்திக் கதையின் அச்சாணி இந்த விபத்துதான். அதற்கு முன் ஏற்றம், அதற்குப் பின் சரிவு என்று கதை இரண்டாகப் பிளக்கப்படுகிறது. மனைவியின் சாட்சியத்தை நான் ஒதுக்கவில்லை. வீட்டுக்குள் இருந்தவருக்குத் தெரிந்தது வெளியே இருக்கும் நமக்குத் தெரியாது. ஆனால் வேலையின் சாட்சியமும் இருக்கிறது. 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்'பின் முதிர்ந்த வடிவம் விபத்துக்கு நான்கு, ஐந்து ஆண்டுகளுக்குப் பிந்தையது. 1934 செப்டம்பரில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவான 'டவுன் சவுத் கேம்ப் மீட்டிங்', 'ராப்பின் இட் அப்' இரண்டும் அரேஞ்சர் ஹென்டர்சனின் உச்சம் என்பதில் விமர்சகர்களிடையே அதிகக் கருத்து வேறுபாடு இல்லை. அவருடைய மிகப் பெரிய விற்பனை வெற்றியான 'கிறிஸ்டஃபர் கொலம்பஸ்' 1936இல் வந்தது. மனம் விட்டுப்போன மனிதர் எட்டு ஆண்டுகளாக இப்படி மேலே ஏறிக்கொண்டிருந்தார் என்பதை நம்புவது கடினம். கலை வளர்ந்துகொண்டே போக வருமானம் குறைந்துகொண்டே போயிற்று என்றால், காரணத்தை அவர் மனதுக்கு வெளியே தேடுவதே முறை.

1929இல் இசையமைப்பாளர் வின்சென்ட் யூமன்ஸ் 'கிரேட் டே' என்ற இசை நாடகத்துக்கு ஹென்டர்சன் குழுவை அமர்த்தினார். பிராட்வே மேடையில் ஒரு கறுப்பினக் குழு வாசிப்பது பெரிய திருப்பமாக இருந்திருக்கும். ஃபிலடெல்பியா ஒத்திகைகளில் வெள்ளை இசை நடத்துநர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகக் குழுவின் கலைஞர்கள் நீக்கப்பட்டு அந்த நாற்காலிகளில் வெள்ளையர்கள் உட்கார்ந்தார்கள். ஹென்டர்சன் எதிர்த்துப் போராடவில்லை என்பது அவருடைய ஆட்களின் மனக்குறை. பலர் அவரை விட்டுப் போனார்கள். அவர் குரல் எழுப்பியிருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் குரல் எழுப்பினால் என்ன கிடைத்திருக்கும்? நாற்காலிகளைப் பிடுங்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதைக் கேட்காமல், பிடுங்கப்பட்டபோது ஏன் சும்மா இருந்தாய் என்று மட்டும் கேட்பது பாதி விசாரணை. இசைத்தட்டுகளிலும் இதே நிலைதான். ஹார்மனி என்ற மலிவு விலைத் தட்டுகளில் இந்தக் குழுவின் பெயர் டிக்ஸி ஸ்டாம்பர்ஸ். 1931இல் வேறு நிறுவனங்களின் தட்டுகளில் கானீஸ் இன் ஆர்க்கெஸ்ட்ரா. குழுத்தலைவருக்கு மூலதனம் என்பது அவருடைய பெயர். அந்தப் பெயரை மறைத்து விற்ற ஒவ்வொரு தட்டும் அன்றைய கூலியைக் கொடுத்தது, நாளைய கச்சேரிக்கு எதையும் சேர்த்து வைக்கவில்லை.

1930களில் நடனக் குழுவை வாழ வைத்தது வானொலி. பெரிய ஹோட்டல்களின் நடனக் கூடங்களிலிருந்து இரவு நேர நேரடி ஒலிபரப்பு நாடு முழுவதும் போகும். அதைக் கேட்ட ஊர்களில் மறுமாதம் கச்சேரிக்கு அழைப்பு வரும். அந்த ஹோட்டல் மேடைகள் பெரும்பாலும் கறுப்பினக் குழுக்களுக்கு அடைபட்டிருந்தன. அதைவிடப் பணம் புரண்ட இடம் விளம்பரதாரர் நிகழ்ச்சி. தேசிய அளவில் விளம்பரதாரர் நிகழ்ச்சி ஒன்றை ஒரு கறுப்பினக் கலைஞர் தலைமையேற்று நடத்தியது 1937இல்தான். அதுவும் ரூடி வேலி விடுமுறையில் போனபோது அவர் இடத்தில் ஆம்ஸ்ட்ராங். பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த 1934இல் ஹாக்கின்ஸ் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹென்டர்சனின் குழு கலைந்தது. அதே டிசம்பரில் நேஷனல் பிஸ்கட் கம்பெனியின் செலவில் என்.பி.சி. வானொலி 'லெட்ஸ் டான்ஸ்' என்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. மூன்று குழுக்களில் ஒன்று, 25 வயது பென்னி குட்மனுடையது. புதிய அரேஞ்ச்மென்ட்களுக்கென்று நிகழ்ச்சியின் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டின் யோசனைப்படி குட்மன் அந்தப் பணத்தோடு ஹென்டர்சனிடம் வந்தார். குழு இல்லாத தலைவரிடம் பத்தாண்டு ரோஸ்லேண்ட் உழைப்பின் நோட்ஸ் மிச்சமிருந்தது. புதிதாக எழுதித் தரக் கையும் இருந்தது. ஒரு அரேஞ்ச்மென்டுக்கு 37.50 டாலர் என்பது நூல்கள் தரும் கணக்கு.

அதன்பின் நடந்தது இசை வரலாற்றில் ஆயிரம் முறை சொல்லப்பட்டுவிட்டது. 1935 மே மாதத்தில் வானொலி நிகழ்ச்சி நின்றது. ஜூலையில் குட்மன் குழு ஹென்டர்சனின் 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்', 'சம்டைம்ஸ் ஐம் ஹேப்பி' இரண்டையும் விக்டருக்காகப் பதிவு செய்தது. மேற்கு நோக்கிப் போன பயணத்தில் டென்வரில் அடிவாங்கியது. ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் பாலமார் அரங்கில் முதலில் பதவிசான நடனப் பாட்டுகளை வாசித்துப் பார்த்துவிட்டு, எதுவும் எடுபடாத நிலையில் ஹென்டர்சனின் நோட்ஸை வெளியே எடுத்தது. இளைஞர்கள் மேடையை நோக்கி ஓடி வந்தார்கள். ஸ்விங் யுகம் அன்றிரவு தொடங்கியதாகப் பாடநூல்கள் எழுதுகின்றன. அதைக் கொஞ்சம் திருத்தி எழுதலாம் என்பது என் எண்ணம். அன்றிரவு தொடங்கியது சந்தை. அந்த இசை ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் காலடியில் ஏற்கனவே சோதிக்கப்பட்டு முடிந்திருந்தது.

குட்மன் திருடினாரா? சிலர் அப்படிச் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. குட்மன் கேட்டார், பணம் கொடுத்தார், கடன் யாருக்கு என்பதை மேடையிலும் 1939இல் வெளியான தம் தன்வரலாற்றிலும் சொன்னார். அதே ஆண்டு ஹென்டர்சனைத் தம் குழுவிலேயே பியானோவுக்கும் எழுத்துக்கும் வைத்துக்கொண்டார். அன்றைய அமெரிக்காவில் ஒரு வெள்ளைக் குழுத்தலைவர் செய்யத் துணிந்தவற்றில் இது பெரியது. அநியாயம் இருந்த இடம் வேறு. அன்று நடப்பிலிருந்தது 1909ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். அதன்படி பாட்டை இயற்றியவருக்கும் பதிப்பாளருக்கும் தட்டு விற்கும்தோறும் பங்கு உண்டு. ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் அரேஞ்ச்மென்ட் எழுதினால், உரிமையாளர் ஒப்புக்கொண்டால் ஒழிய அதில் தனி உரிமை எதுவும் இல்லை. எழுதிய அன்றைக்குக் கிடைத்ததோடு கணக்கு முடிந்தது. 'ப்ளூ ஸ்கைஸ்' தட்டு விற்றால் இர்விங் பெர்லினுக்குப் போகும். 'சம்டைம்ஸ் ஐம் ஹேப்பி' விற்றால் வின்சென்ட் யூமன்ஸுக்கு, அதாவது எந்த மனிதரின் நாடகத்தில் ஹென்டர்சன் தம் குழுவை இழந்தாரோ அவருக்கு. அந்தப் பாட்டு பல ஆண்டுகளாக எல்லாரும் வாசித்துத் தள்ளியது. 1935இல் இளைஞர்களை இழுத்தது அதன் மெட்டு அல்ல, ஹென்டர்சன் அதை உடைத்து அடுக்கிய விதம். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் மெட்டு சொத்து, அடுக்கு கூலி வேலை. மார்ட்டனின் நிலையைப் பார்த்தால் சட்டத்தின் பெயரளவு உரிமைகூடக் கறுப்பினத்தார் கையில் எவ்வளவு தேய்ந்தது என்பது தெரியும். 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' அவர் பெயரிலேயே இருந்தது. நாடே அதற்கு ஆடியபோது தமக்கு வர வேண்டியது வரவில்லை என்று அவர் சாகும்வரை புலம்பிக்கொண்டிருந்தார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. டியூக் எலிங்டனும் கேப் காலவேயும் கவுண்ட் பேஸியும் இதே நாட்டில், இதே சட்டத்தின் கீழ், இதே நிறவெறிக்கு நடுவே நிலைத்தார்களே? அப்படியானால் தனி மனிதரின் சாமர்த்தியம்தானே தீர்மானித்தது? எலிங்டனை எடுத்துக்கொள்வோம். 1926 முதல் இர்விங் மில்ஸ் என்ற வெள்ளைப் பதிப்பாளர் அவருடைய மேலாளர். மறு ஆண்டு டிசம்பரில் காட்டன் கிளப் மேடையும், அங்கிருந்து வானொலி ஒலிபரப்பும் கிடைத்தன. விலையாக எலிங்டனின் எத்தனையோ பாடல்களில் மில்ஸின் பெயரும் சேர்ந்தது. வருமானத்தில் பங்கு போனது. அதையும் தாண்டி எலிங்டன் செய்த முக்கியமான காரியம், பெரும்பாலும் தம் சொந்தப் பாடல்களையே எழுதினார் என்பது. அதனால் சட்டம் அவர் கையில் ஒரு சொத்தைக் கொடுத்தது. காலவேக்கும் மில்ஸ்தான் மேலாளர். பேஸி 1936இல் டெக்காவுடன் செய்த முதல் ஒப்பந்தத்தில் 24 பாட்டுகளுக்கு மொத்தமாக 750 டாலர், ராயல்டி எதுவும் இல்லை. அதிலிருந்து மீள அவருக்கு ஹாமண்டும் பெரிய ஏஜென்சியும் தேவைப்பட்டார்கள். அப்போது கிழக்கே வந்த பேஸியிடம் போதிய நோட்ஸ் இல்லாதபோது, தம்முடைய நோட்ஸைக் கொடுத்து உதவியவர் ஹென்டர்சன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே நிலைத்தவர்களின் கதை என் வாதத்தை உடைக்கவில்லை. அந்த அமைப்பில் நிலைக்க ஒரு கறுப்பினத் தலைவருக்கு இரண்டில் ஒன்று வேண்டியிருந்தது: தம் பெயரில் பதிவான பாட்டுச் சொத்து, அல்லது கதவுகளைத் திறக்கக்கூடிய வெள்ளை மேலாளர். பிறர் பாட்டை எடுத்து ஆட்டத்துக்கேற்ப மாற்றி எழுதுவதே ஹென்டர்சனின் கலை. முதலாவதற்கு அந்தக் கலையில் வழியில்லை. தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்ட பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டாவதும் அவருக்கு இருக்கவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1932 டிசம்பரில் ஹாமண்ட் ஏற்பாடு செய்த ஒலிப்பதிவுக்குக் குழு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தது என்று ஹாமண்டே எழுதியிருக்கிறார். மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் மூன்று பாட்டுகளை வாசித்து முடித்தார்கள். அவற்றில் ஒன்றுதான் புதிய 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்'. தாமதத்தை மட்டும் பார்ப்பவர் ஒழுங்கின்மையைக் காண்பார். அவ்வளவு நேரத்தில் அந்தத் தரத்தில் வாசிக்க முடிந்த குழு எத்தனை ஆயிரம் மேடை மணி நேரங்களைப் பின்னால் வைத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்டிப்பில்லாத தலைவர் என்ற குற்றச்சாட்டு உண்மை. அந்த நெகிழ்வு இல்லாத இடத்தில் மேடையிலேயே துணுக்குகள் விளைந்து பாட்டாக மாறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆம்ஸ்ட்ராங்கைப் பாட விடாதது பெரிய தவறு. அதற்குச் சமாதானம் கிடையாது.

1939க்குப் பிறகு அவர் பலமுறை மீண்டும் குழு சேர்த்தார். 1940களின் நடுவில் சிகாகோவின் கிளப் டெலிசாவில் வாசித்தபோது அவரிடம் பியானோவும் அரேஞ்ச்மென்டும் பார்த்த ஒருவர் பின்னாளில் சன் ரா என்ற பெயரில் வேறொரு இசை உலகத்தையே கட்டினார். தம் வாழ்நாள் முழுதும் ஹென்டர்சனின் அரேஞ்ச்மென்ட்களைத் தம் குழுவை வைத்து வாசிக்கவும் செய்தார். 1950 டிசம்பரில் ஹென்டர்சனைப் பக்கவாதம் தாக்கியது. 1952 டிசம்பர் இறுதியில், 55 வயதில், நியூயார்க்கில் இறந்தார். உடல் கத்பர்ட்டுக்குப் போனது. குட்மனுக்கு அவர் எழுதிக் கொடுத்த நோட்ஸில் பெரும்பகுதி இன்று யேல் பல்கலைக்கழகத்திலும் நியூயார்க் பொது நூலகத்திலும் பாதுகாப்பாக இருக்கிறது. அவற்றைத் தேடிப் போகும் ஆய்வாளர் பென்னி குட்மன் சேகரிப்பு என்றே கேட்க வேண்டும். வாங்கியவர் பெயரில் பாதுகாக்கப்பட்டதால் அவை பிழைத்தன; ரோஸ்லேண்டில் ஒவ்வொரு இரவும் வாசித்த வால்ட்ஸ்களுக்கு அப்படி வாங்குபவர் யாரும் வரவில்லை.

ரெட்மனை டெட்ராய்ட்டோடு விட்டுவிட்டோம். 1927இல் அவர் அங்கே போய்ச் சேர்ந்த குழுவின் பின்னால் இருந்தவர் ஜீன் கோல்ட்கெட் என்ற நிர்வாகி. ஹென்டர்சனின் குழுவை 1926 அக்டோபரில் ரோஸ்லேண்ட் மேடையிலேயே எதிர்கொண்டு, ரெக்ஸ் ஸ்டூவர்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளும்படி வாசித்த வெள்ளையர் குழுவும் அவருடையதுதான். கறுப்பினக் குழு ஒன்றையும் வெள்ளையர் குழு ஒன்றையும் தம் அலுவலகத்திலிருந்தே நடத்திய அந்த மனிதரின் வரவு செலவை அடுத்த இதழில் பார்ப்போம்.